படகில் உட்கார்ந்த எலும்புக்கூடு

பேரனுக்கு,

தீவைச் சுற்றி முழுகிப் பார்க்க இடம் தேடித் தேடி, கடைசியில் உன் தாத்தாவோடு மூழ்கிய படகுதான் அகப்பட்டதா?

அதில் ஓர் எலும்புக்கூட்டை உட்காரவைத்து, கறுப்புக்கண்ணாடி மாட்டி, கையில் பீர் பாட்டிலையும் சொருகி, பக்கத்தில் நின்று படம் பிடித்திருக்கிறாய். த்தூ!

"ஐயோ பாட்டி, வெறும் பிளாஸ்டிக்கு! முழுக வர்றவங்க சிரிக்கட்டுமேன்னு வச்சோம்" என்று இளித்தாய். ஓட்டையை மறைத்து அந்தப் படகை விற்ற ரிகோபெர்த்தோவின் சாவுக்கே நான் போகவில்லை. உன்னை விடுவேனா?

அந்தப் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை நீயே மேலே கொண்டுவரும்வரை உனக்குப் பிடித்த பலேயாதா ரொட்டி சுட்டுத் தர மாட்டேன்.

நீ போனை நீட்டியதும் நான் ஏன் மண்டியிட்டேன் என்று கேட்டாய். இத்தனை வருஷம் கிடைக்காத மனுஷன் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேனடா.

உன் பாட்டி