கடைசிப் பத்து நிமிடம் என்னுடையது

3 அக்டோபர் 1963, வியாழன்

காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தயாரிப்பாளர் ஹபியெட்டினெக் பத்து மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். நவம்பர் 14, விழா உறுதியாகிவிட்டது. ‘படகுத்துறைக் கல்யாணம்’ வெளியாகி இருபத்தைந்து வருடம். புதுப் பிரதி போடுகிறார்கள், அமைச்சர் வருகிறார், மேடையில் எனக்குப் பதக்கம்.

“டைரக்டரம்மா, ஆஸ்திரியாவுல படம் எடுத்த பொம்பளைங்க எத்தனை பேர்? ஒரு கை விரல் போதும் எண்ண. அதுல கட்டைவிரல் நீங்க!”

விழா நல்லபடியாக முடிந்தால் சலவைக்காரிகள் படத்துக்கு ஒப்பந்தம் போடுவாராம். நாலு வருடமாக எனக்கு வேலை இல்லை. மலை, மாடு, காதல் என்று நான் எடுத்துத் தள்ளியதை இப்போது யாரும் பார்ப்பதில்லை. வியன்னாவின் ஓட்டாக்ரிங் பகுதிச் சலவைக்கூடத்துப் பெண்களைப் பற்றிய இந்தக் கதை ஒன்றுதான் நானாக ஆசைப்பட்டு எழுதியது.

சந்தோஷப்பட வேண்டிய நாள்தானே? பிறகு ஏன் மழையில் ரிங் சாலையை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்?

5 அக்டோபர்

ஏற்புரை எழுத உட்கார்ந்தேன். ‘என் முதல் படம்’ என்று தொடங்கினேன். கிழித்தேன். இப்படி மூன்று தாள்.

9 அக்டோபர், புதன்

எமில் ஷ்பெர்பர் வியன்னாவில் இருக்கிறார்.

தொலைபேசியை எடுத்ததும், “போல்டி, நான்தான்” என்றார், ஏதோ நேற்றுப் படப்பிடிப்பு முடிந்து பிரிந்ததுபோல. தென் அமெரிக்காவில், மோண்டேவிடியோவில் யாரோ விட்டுப்போன ஜெர்மன் பத்திரிகையில், விழா நடத்தப்போவதாக ஆகஸ்டிலேயே வந்த செய்தியைப் பார்த்தாராம். கப்பல் ஏறிவிட்டார்.

“எதுக்கு வந்தீங்க?” என்று கேட்டுவிட்டேன். என்ன கேள்வி அது!

“படம் பாக்க. நான் அதைப் பார்த்ததே இல்லையே.”

இருபத்தைந்து வருடம். அவர் அதைப் பார்த்ததே இல்லை. இது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

10 அக்டோபர்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

1937-இல் அந்தப் படத்தின் இயக்குநர் எமில். நான் அவருடைய உதவியாளர், வயது இருபத்தைந்து. கடைசிக் காட்சியைத் தவிர எல்லாம் எடுத்தாயிற்று. அடுத்த வருடம் மார்ச்சில் ஜெர்மன் படை உள்ளே வந்தது. எமில் யூதர். அடுத்த திங்கட்கிழமை ஸ்டூடியோ அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள்: ‘இந்தப் படத்தைத் தொடக்கத்திலிருந்து இயக்கியவர் லியோபோல்டின் கிரானெவிட்டர்.’ கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பேனாகூட என்னுடையதுதான். பிறகு அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை நான் எடுத்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு யோசெஃப்ஷ்டாட் காபிக்கடையில் சந்தித்தோம். வழுக்கை விழுந்துவிட்டது. தோள் மட்டும் அதே தோள்.

பரிசாரகர் வந்து, “டாக்டர் என்ன சாப்பிடறீங்க?” என்றார்.

எமில் சிரித்தார். “கண்ணாடி போட்டவனெல்லாம் இந்த ஊர்ல இன்னும் டாக்டர்தானா? என்னைத் துரத்தினப்போகூட ‘டாக்டர் ஐயா, சீக்கிரம் கிளம்புங்க’ன்னுதான் சொன்னான், எங்க கட்டடக் காவல்காரன்.”

நான் சிரிக்கவில்லை. அவர் காபியைக் கலக்கிக்கொண்டே கேட்டார்: “என் கடிதாசு வந்துச்சா? இந்தப் படத்தை எடுத்தது நான்தான்னு ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னேனே. அந்த ஒரு வரி இருந்திருந்தா அங்கே எவனாவது கேமரா பக்கம் விட்டிருப்பான். சும்மா சொன்னா யார் நம்பறா? ‘அப்படியா, நானும் ராஜா மகன்தான்’னு சிரிக்கறானுங்க. கடைசியில தியேட்டர்ல படம் ஓட்டற வேலை. அடுத்தவன் படத்தை, ஒரு நாளைக்கு நாலு காட்சி.”

“வரலை எமில்,” என்றேன். “எதுவும் வரலை.”

11 அக்டோபர்

மூன்று வந்தன. மூன்றையும் படித்தேன்.

14 அக்டோபர், திங்கள்

ஸ்டெங்காவின் படத்தொகுப்பு அறைக்குப் போனேன். அந்தப் படத்தை வெட்டி ஒட்டியவள் அவள்தான். முப்பது வருடச் சிநேகிதம். பொய் சொன்னதைச் சொன்னேன். பிலிமிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“சூரிச்லேர்ந்து ஒண்ணு, ஜெனோவாலேர்ந்து ஒண்ணு. அப்போ பதில் எழுதியிருந்தா என்னைப் பிடிச்சு உள்ளே போட்டிருப்பாங்கடி,” என்றேன்.

“சரி. நாப்பத்தேழுல வந்தது?”

நான் மேசைமேல் கிடந்த பிலிம் துண்டை எடுத்துச் சுருட்டினேன்.

“உன் மேசை மேல ஒரு வாரம் கிடந்துச்சே, பெரிய பெரிய தபால்தலை ஒட்டி. அப்போ யார் உன்னைப் பிடிச்சு உள்ளே போடறதா இருந்துச்சு?”

“அப்போ என் ரெண்டாவது படம் ஓடிட்டிருந்தது ஸ்டெங்கா. இப்போ சொன்னா ஆம்பளைங்க என்ன சொல்வானுங்க தெரியுமா? பாத்தியா, பொம்பளையால படம் எடுக்க முடியாதுன்னு அப்பவே சொன்னோமேன்னு—”

“சொல்வானுங்க,” என்றாள். “அதுக்கு எமில் என்னடி பண்ணுவாரு?”

கோபித்துக்கொண்டு வெளியே வந்தேன். டிராம் ஏறாமல் வீடு வரை நடந்தேன். கால் கொப்பளித்துவிட்டது.

21 அக்டோபர்

ஸ்டெங்கா ஏற்பாடு செய்த சின்னத் திரையரங்கில் எமிலுக்குப் படத்தைக் காட்டினோம். நாங்கள் மூன்று பேர் மட்டும். தொடக்கத்தில் ‘இயக்கம்: லியோபோல்டின் கிரானெவிட்டர்’ என்று எழுத்து வந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணிநேரம் அவர் என்னிடம் பேசவில்லை. ஸ்டெங்காவிடம்தான் பேசினார். “இங்கே ரெண்டு வினாடி முன்னாடியே வெட்டியிருக்கலாம்.” “இந்தப் பய நடிக்கத் தெரியாம முதுகைக் காட்டிட்டு நின்னான், ஞாபகம் இருக்கா?” ஒரு இடத்தில் தன் நகைச்சுவைக்குத் தானே சத்தமாகச் சிரித்தார்.

கடைசிக் காட்சி. மணப்பெண் படகில் ஏறாமல் கரையிலேயே நிற்கிறாள். படகு வெறுமையாக டான்யூப் நதியைக் கடக்கிறது. அவர் எழுதிய முடிவில் அவள் ஏறிப் போய்விடுவாள். நான்தான் மாற்றினேன். வெளிச்சம் வந்தபின் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கடைசிப் பத்து நிமிஷம் உன்னோடது. எனக்கு இது தோணியிருக்காது. நல்லா இருக்கு. மிச்சமெல்லாம் என்னோடது. அதையும் நல்லா இருக்குன்னு சொல்லு போல்டி. என் பேரைச் சொல்லி.”

22 அக்டோபர்

அவர் தங்கியிருக்கும் விடுதிக்கே போனேன். வாசலில் இருந்த டிராம் நிறுத்தத்தில் நின்றிருந்தார். அங்கேயே, குடை பிடித்த நாலு பேருக்கு நடுவில் சொன்னேன்.

“வந்தது எமில். மூணும் வந்தது.”

“மூணா? நான் அஞ்சு போட்டேன்.”

பிறகு, டிராம் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே: “இருபத்தஞ்சு வருஷமா நான் தபால்காரனைத்தான் திட்டிட்டிருந்தேன்.”

ஏறிப் போய்விட்டார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டித் தொலைச்சிருக்கலாமே மனுஷன்!

30 அக்டோபர்

ஹபியெட்டினெக்கிடம் போய்ச் சொன்னேன், மேடையில் என்ன பேசப்போகிறேன் என்று. முதலில் கதவைச் சாத்தினார். பிறகு சாக்லேட் நீட்டினார்.

“அந்தக் காலத்துல எல்லாரும் ஏதோ ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டவங்கதான் டைரக்டரம்மா. முன்வரிசையில உக்காரப் போறவங்க பாதிப்பேர் போட்டிருக்காங்க. மேடை ஏறி அதைக் கிளறினா அவங்கவங்களுக்கு அவங்கவங்க தாள் ஞாபகம் வரும். பதக்கத்தை வாங்குங்க, தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லிட்டு இறங்கிடுங்க. அந்த எமில் ஐயாவை நான் தனியா ஒரு நல்ல சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“என் சலவைக்காரிகள் படம்?”

“அதைத்தான் நானும் உங்களைக் கேக்கறேன்.”

1 நவம்பர்

புனிதர் அனைவர் திருநாள். ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைக்குப் போகிறது. நானும் அப்பாவுக்கு வைத்துவிட்டு வந்தேன். எமிலின் அம்மாவை நாற்பத்தொன்றில் கிழக்கே முகாமுக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள். அவளுக்குக் கல்லறை கிடையாது. இன்றைக்கு அவர் எங்கே போயிருப்பார்?

8 நவம்பர்

சொல்வேன். சொல்ல மாட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கு ஐம்பத்தொரு வயது, இதுவும் போய்விட்டால் அடுத்த படம் ஏது? அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்துத் திரும்ப அடுக்கினேன். பிறகு திரும்ப எடுத்தேன்.

15 நவம்பர், வெள்ளி

நேற்று மேடையில் ஏற்புரைத் தாளைப் பிரித்தேன். உடனே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

“இந்தப் படத்தை எடுத்தவர் எமில் ஷ்பெர்பர்,” என்றேன். “அவரை இந்த ஊரிலிருந்து துரத்தினார்கள். நான் அவர் பெயர்மேல் என் பெயரை எழுதிக்கொண்டேன். அவர் கேட்ட ஒரு வரியை, போர் முடிந்து எந்தப் பயமும் இல்லாத காலத்திலும் எழுதித் தரவில்லை.”

யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, மேலங்கியை மாட்டிக்கொண்டு, நிதானமாக வெளியே போனார். “இப்போ எதுக்கு இதெல்லாம்?” என்று ஒரு பெண் குரல். ஹபியெட்டினெக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பின்னாலிருந்து, படப்பிடிப்பில் எங்களை விரட்டும் அதே குரல்: “பேரைச் சத்தமா சொல்லு போல்டி! பின்வரிசைக்குக் கேக்கலை!”

சொன்னேன். தொண்டை கிழியச் சொன்னேன். எமில் ஷ்பெர்பர்.

கைதட்டல் பால்கனியில்தான் முதலில் கேட்டது. கீழே கடைசிவரை முழுசாக வரவில்லை. பதக்கத்தை மேசைமேலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

18 நவம்பர்

சொன்னேன்ல! அப்பவே சொன்னேன்ல ஸ்டெங்காகிட்ட! ஒரு பத்திரிகையில் தலைப்பு: ‘இயக்காத இயக்குநர்.’ இன்னொன்றில் ஒரு மேதாவி, என் மற்றப் படங்களை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று கேட்கிறான். ஆஸ்திரியப் பனியில் ஆறு மாசம் நின்று எடுத்தவள் நான். மூக்கு உறைந்துபோய், மாட்டைப் பிடித்து, குடிகாரக் கதாநாயகனைப் பிடித்து... யாருடா எடுத்தது? உங்கப்பனா?

ஹபியெட்டினெக்கிடமிருந்து தட்டச்சு செய்த கடிதம். சலவைக்காரிகள் படம் ‘தற்போதைக்கு’ ஒத்திவைக்கப்படுகிறது. அன்பும் மரியாதையும்.

20 நவம்பர்

மேற்கு ரயில் நிலையம். எமில் கிளம்புகிறார், ஜெனோவா வழியாக. விநியோக நிறுவனத்தார் படத்தில் இயக்குநர் பெயர் வரும் எழுத்து அட்டையை மாற்ற ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஸ்டெங்கா நின்று ஒட்டுவாள். அவரிடம் ஒரு உறை கொடுத்தேன். உள்ளே ஒரே ஒரு வரி, என் கையெழுத்தோடு.

படித்தார். உள்பையில் வைத்தார். “அறுபத்தொண்ணு வயசாச்சு. இதை வச்சு இனிமே எவன் எனக்கு வேலை தரப்போறான்?”

உறை இருந்த பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

“மன்னிச்சுட்டேன்னு சொல்வேன்னு எதிர்பாக்காத.”

“எதிர்பாக்கலை.”

“எதிர்பாக்கறே. மூஞ்சியில தெரியுது. நீ எப்பவுமே மோசமான நடிகை.”

பெட்டியைத் தூக்கிக் கொடுக்கப் போனேன். விடவில்லை. படியில் நின்று திரும்பி, “அந்தக் காலிப் படகு, எத்தனை தடவை எடுத்தே?” என்று கேட்டார்.

“ஏழு.”

“நாலாவதைத்தானே வச்சே?”

“எப்படித் தெரியும்?”

“நானா இருந்தா அதைத்தான் வச்சிருப்பேன்.”

ரயில் போய்விட்டது.

2 டிசம்பர்

யாரும் கூப்பிடவில்லை. அடுப்புக் கரி தீர்ந்தது. நன்றாகத் தூங்குகிறேன், இது ஒரு அதிசயம்.

11 ஏப்ரல் 1964, சனி

தொலைக்காட்சியில் முப்பது நிமிடத்துக்கு ஏதாவது நிரப்ப வேண்டுமாம். நடிகர்கள் கிடையாது, விளக்குகள் கிடையாது, இரண்டே நாள். சரி என்றேன். ஓட்டாக்ரிங் சலவைக்கூடத்தில் நிஜச் சலவைக்காரிகளை வைத்தே எடுக்கிறேன். கொதிகலன் ஆவியில் கேமராக் கண் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மங்கிப்போகிறது. ஸ்டெங்கா என் கழுத்துத் துண்டைப் பிடுங்கித் துடைக்கிறாள். “இவ்வளவு வயசுக்கப்புறம் வெந்நீர்ல வேக வெச்சுட்டியேடி,” என்று திட்டிக்கொண்டே.

மேற்பார்வை பார்க்கும் பிளாஷ்கே அம்மா மட்டும் காலையிலிருந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் ரொட்டியை மென்றபடி கேட்டேவிட்டாள்: “நெசமாவே நீங்க சினிமாக்காரிதானா? இதுவரைக்கும் எத்தனை படம் எடுத்திருக்கீங்க?”

எப்போதும் பன்னிரண்டு என்றுதான் சொல்வேன்.

“பதினொண்ணு,” என்றேன். “அப்புறம் ஒரு பத்து நிமிஷம்.”

கேலி செய்கிறேன் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தாள். மற்றவர்களிடமும் போய்ச் சொன்னாள், அவர்களும் சிரித்தார்கள். ஈரக் கையோடு, ஆவிக்கு நடுவில், எந்தக் கூச்சமும் இல்லாமல் எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். காலையிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தேன். கேமராக்காரரைப் பார்த்துக் கையை அசைத்தேன். ஓட்டச் சொன்னேன்.