பகலில் எரியும் விளக்கு

1943 ஜூன் 4, வெள்ளி

வீட்டுக்காரர் பூதலிங்கம் பிள்ளை இன்று வாசலில் வந்து நின்றார். இனிமேல் காலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிடுவாராம். மாலை ஆறுக்குத்தான் போடுவாராம். ஆரியசாலைத் தெருவைப் பார்த்து அவருடைய மிளகுக் கடை, பின்கட்டில் நாங்கள். இரண்டுக்கும் ஒரே மீட்டர். வாடகையிலேயே கரண்டும் சேர்த்தி. சண்டை வந்ததிலிருந்து கப்பல் இல்லை, மூட்டைகள் அப்படியே கிடக்கின்றன. பில் மட்டும் ஏறுகிறது என்கிறார்.

"பகல்ல என்னத்துக்கு சாரே வெளக்கு? சூரியன் நம்மகிட்ட கூலியா கேக்கான்?"

இவர் சிரித்தார். நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருப்பவருக்கு என்ன? நானும் சிரித்தேன். ஏழாம் மாதம். இடுப்பு வலிக்கிறது, அதிக நேரம் நின்றதனால் இருக்கும்.

ஜூன் 9

பிறந்துவிட்டாள். வீட்டிலேயே. மூன்று ராத்தல்கூட இல்லை. அழவில்லை; கதவுக் கீல் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். போன தடவை அந்தச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஜூன் 11

வெந்நீர்ப் போத்தல் அரை மணியில் ஆறிப்போகிறது. உடனே பிள்ளையின் கால் நீலமாகிறது. நர்ஸ் தங்கபாய் வந்து, ஒரு தேயிலைப் பெட்டி கொண்டுவரச் சொன்னாள். உள்ளே பஞ்சு. ஓரத்தில் ஒரு பல்பு, அதற்கும் பிள்ளைக்கும் நடுவே ஓட்டை போட்ட தகரம்.

"இந்த மழையில கொச்சுப்பிள்ளைய வெளியே எடுக்கண்டாம். சூடு குறையப்பிடாது, கேட்டியா? ராத்திரியும் பகலும் எரியணும். ஒரு மாசம்."

பகலும். நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ஜூன் 12

இவர் காலையிலேயே வீட்டுக்காரர் பிள்ளைவாளிடம் போனார். எங்கள் நான்கு விளக்கில் மூன்று பல்பைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அடுக்களை, கூடம், இவர் எழுதுகிற மேசை, எல்லாம் போயிற்று. பெட்டிக்குள் இருப்பது மட்டும் மிச்சம்.

"சரி, ஒத்தப் பல்பு. அதுக்கு மேல மீட்டர் ஓடிச்சுன்னா அணைச்சுப் போடுவேன் சாரே. என் வீட்டு அடுப்பையும் நான் பாக்கணும்லா."

அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 15

வெளிச்சம் இருக்கும்போதே சமைத்து முடித்துவிடுகிறேன். இவர் பரீட்சைத் தாள்களைப் பள்ளிக்கூடத்திலேயே திருத்திவிட்டு வருகிறார். பிள்ளைவாள் தினமும் காலையில் மீட்டரைப் பார்க்க நடைபாதையில் வருவார். அந்தச் செருப்புச் சத்தம் கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். நின்றார். பார்க்கிறார். இன்னும் பார்க்கிறார். போனார்.

அணைந்துவிடுமோ என்று ஒரு பயம். எரிவதாலேயே இன்னொரு பயம் - பஞ்சு பற்றிக்கொண்டால்? நிமிஷத்துக்கு ஒருதரம் கையை உள்ளே விட்டுப் பார்க்கிறேன்.

ஜூன் 16

நல்ல மழை. பல்பு இரண்டு தடவை மங்கி எரிந்தது. கர்த்தாவே.

ஜூன் 19

இன்று நடந்ததை எழுதியே ஆகவேண்டும்.

பிள்ளைவாள் கோட்டாற்றுக்குப் போயிருக்கிறார். கடையைப் பார்த்துக்கொள்ள மருமகன் கோலப்பன் வந்தான். பகலில் மீட்டர் ஓடுகிறதே என்று மெயினை அணைத்து, நடைபாதையில் மீட்டரோடு இருக்கும் சுவிட்சுப் பெட்டியைப் பூட்டி, சாவியோடு சாலைக்கடைக்குப் போய்விட்டான். அவனிடம் யாரும் சொல்லவில்லை போல. நான் கண்ணயர்ந்திருந்தேன். விழித்தால் பெட்டிக்குள் இருட்டு. பிள்ளையின் உதடு நீலம். கையில் எடுத்தால் சில்லென்று - ஐயோ, அதை எழுத முடியவில்லை.

ஜம்பருக்குள் மார்போடு போட்டுக் கட்டிக்கொண்டேன். கத்தினேன், யாரும் வரவில்லை. பிள்ளை பெற்ற உடம்போடு கடைக்குள் ஓடினேன். தராசுப் பக்கத்தில் இருந்த ஐந்து ராத்தல் கல்லை எடுத்துவந்து அந்தப் பூட்டைப் போட்டு அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. பூட்டு விழுந்தது. உள்ளே கை வைக்கப் பயம். தொட்டால் கரண்டு இழுத்துவிடும் என்பார்களே, நெஞ்சில் பிள்ளை வேறு! ஓடிப்போய் அடுக்களையிலிருந்து மர அகப்பையைக் கொண்டுவந்து, அதனால் சுவிட்சை நெம்பிப் போட்டேன்.

கதவுக் கீல் சத்தம் வர வெகுநேரம் ஆயிற்று. வந்தது.

பூட்டை உடைத்த குடித்தனக்காரியை யார் வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? இந்த மழையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவோம்?

ஜூன் 20

பிள்ளைவாள் வந்துவிட்டார். "பூட்ட ஒடச்சது யாரு?"

இவர் வாயைத் திறக்குமுன், "நான்தான்" என்றேன்.

அவர் பிள்ளை கிடந்த பெட்டியண்டை வந்து குனிந்தார். இத்தனை நாள் மீட்டரைத்தான் பார்த்திருக்கிறார்; பிள்ளையைப் பார்த்ததில்லை.

"இம்புட்டுதானா?" என்றார். பிறகு, "இம்புட்டுதானா மக்களே?" என்று மறுபடியும், மகளிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்டார். எழுந்து போய்விட்டார். காலி பண்ணச் சொல்ல ஆள் அனுப்புவார் என்று துணிகளை மடித்து வைத்தேன்.

ஜூன் 21

ஆள் வரவில்லை. கடையில் நேற்று மாலையிலிருந்து தேங்காயெண்ணெய் விளக்குதான் எரிகிறது என்று இவர் சொன்னார். பிள்ளைவாள் தம் பல்புகளையும் கழற்றிவிட்டார். "பில்லு அளவுக்குள்ள நிக்கணும்லா" என்றாராம், அவ்வளவுதான்.

ஜூலை 3

மிளகுத் தராசில் பிள்ளையை நிறுத்தோம். கோலப்பன்தான் பிடித்தான், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மூன்றரை ராத்தல். சந்தோஷப்பட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று சிரிக்காமல் உள்ளே வந்தேன்.

ஜூலை 14

மத்தியானம் பார்த்தேன், பல்பு எரியவில்லை. மெயின் சரியாகத்தான் இருக்கிறது. பல்பின் கம்பி அறுந்திருக்கிறது. பதறிப்போய்க் கையை விட்டேன். பெட்டி குளிர்ந்து கிடந்தது. பிள்ளையின் கால் சூடாக இருந்தது. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எப்போது போயிற்று? காலையில் பால் கொடுத்தபோது எரிந்ததா? பத்து மணிக்குத் துணி மாற்றினேனே, அப்போது? எவ்வளவு யோசித்தாலும் தெரியவில்லை. நான் பார்க்கவே இல்லை.