எல்லோரும் நம்பிய கதை

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்.

நான் காவல் நிற்கும் கண்காட்சிக் கூடத்தில் ஒரு வேடிக்கை. பார்க்க வருபவர்களுக்குப் பொய்யும் மெய்யும் பிரித்தறியத் தெரிகிறதா என்று சோதிக்க, கலைஞர் ஒருவர் என்னைப் பேசவைத்துப் படமெடுத்தார். இப்போது திரையில் நான் இரண்டு கதை சொல்கிறேன். படகு கவிழ்ந்து நான் கடலில் தத்தளித்த கதை, என் முகத்தையும் குரலையும் வைத்துக் கணினி கட்டியது. நான் வெளிநாடு வந்தபின் பிறந்த மூன்று வயது மகளை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை என்பது நானே சொன்னது. நம்பும் கதைக்குப் பொத்தானை அமுக்க வேண்டும். எல்லோரும் படகையே அமுக்குகிறார்கள்.

நேற்று ஒரு தமிழ்ப் பெண்மணி என் கையைப் பிடித்து அழுதார். "கடல்ல எப்படித் தம்பி தாங்குனீங்க?"

"அந்த மகள் கதைங்க?" என்றேன்.

"அது சும்மா கட்டுனது. எந்த அப்பா மூணு வருஷம் பாக்காம இருப்பாரு?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் புரியவில்லை. நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டு அனுப்பு. செருப்புக் கடைக்காரர் அளவு கேட்டார். கையை விரித்துக் காட்டினேன், பிறகு சுருக்கினேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கூடம் திறக்கிறார்கள், ஓடுகிறேன்.

பாப்பா அப்பா