பக்தியோடு அல்ல, மதிப்போடு

செவ்வாய், மந்தைவெளி.

தூக்கம் வரவில்லை. நான் வேலை செய்யும் ஆங்கில - தமிழ் அகராதியில் இன்று 'வொர்ஷிப்ஃபுல்லி' என்ற சொல் வந்தது. 'பக்தியோடு' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய பொருளைப் பதிப்பாசிரியர் அடித்துவிட்டார். ஒருகாலத்தில் அதற்கு 'மனிதருக்கு உரிய மதிப்போடு' என்றுதான் பொருள். விருந்தாளியை வரவேற்றாலும், இறந்தவரை அடக்கம் செய்தாலும் அப்படித்தான் எழுதினார்கள். பிறகுதான் அது கடவுளோடு நின்றுபோனது.

"செத்துப்போன அர்த்தம்மா. யாரு தேடப்போறா?" என்றார்.

"பழைய புஸ்தகம் படிக்கிறவங்க தேடுவாங்க சார். செத்தவரை பக்தியோட புதைச்சாங்கன்னு தப்பா படிக்கட்டுமா?"

"ஆத்துக்குப் போய் யோசிச்சுட்டு வாங்கோ. அடுத்த பாகத்துக்கு ஆள் எடுக்கப்போறோம்."

மிரட்டல் புரிந்தது: ஒத்துப்போகாவிட்டால் அடுத்த பாகத்தில் எனக்கு வேலை இல்லை. நான் எழுந்திருக்கவில்லை. அவர் கண்ணெதிரே அந்தப் பொருளை 'வழக்கொழிந்தது' என்ற குறிப்போடு திரும்பச் சேர்த்தேன்.

"வேணும்னா என் பேரை எடுத்துடுங்க சார். அர்த்தத்தை எடுக்காதீங்க."

அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். தொகுத்தவர்கள் வரிசையில் இருந்த என் பெயரை அழித்தார். பொருளைத் தொடவில்லை.

அம்மாவிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம். வேலை போனது போகட்டும். ஜெயித்தது நான்தான்.