முதல் வரியில் கவுஞ்சி

பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க எடுத்த கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். காய்ந்த பூண்டுத் தோல் உதிர்ந்தது. உன் சட்டைப்பையிலிருந்து விழுந்ததாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரைக் கொடுக்க மனம் வராமல் மேசையில் வைத்து ஒயரை மாட்டினேன்.

கொடைக்கானல் ஏரிக்கு மேலே, நான் வரவேற்பில் வேலைபார்த்த லாட்ஜின் பின்னறை. இரண்டாயிரத்து எட்டு இருக்கும். உன் ஊர் கவுஞ்சியிலிருந்து ஜீப்பில் பூண்டு கொண்டுவந்து இறக்கிவிட்டு, மழை விடும்வரை என் அறையில் உட்கார்ந்திருப்பாய். பழைய கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். முதல் நாளே கேட்டாய்: "இதுல ஆரன் எங்கடா இருக்கு?"

மலைப்பாதைப் பந்தயம் அது. எதிரே வண்டி ஏறிவந்தால் நீ ஓரங்கட்டி நிறுத்துவாய். "ஏலே, இது பந்தயம்டா" என்பேன். "இருந்தா என்ன, மேல ஏறுற வண்டிக்கு ஒதுங்கணும்ல" என்பாய். அப்படி நின்று நின்று ஓட்டியே ஒருநாள் என் நேரத்தை முந்தினாய். நான் வாய் பிளந்து பார்த்தேன். பனிமூட்டத்தில் எதுவும் தெரியாத வளைவுகளில் பாரத்தோடு வண்டி ஓட்டுகிற கை அது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. வேகமாக ஓட்டியவர்கள் பட்டியலுக்கு விளையாட்டு பெயர் கேட்டதற்கு ஊர்ப்பெயரை அடித்தாய். பட்டியலின் முதல் வரியில் கவுஞ்சி.

அந்த விளையாட்டு அடிக்கடி பாதியில் நின்றுபோகும். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு திறந்தால் பழைய விளையாட்டெல்லாம் ஒழுங்காக ஓடும் என்றார்கள். எல்லாம் தெரிந்தவன் மாதிரி, எப்போதும் அப்படியே திறக்கும்படி டிக் போட்டுவைத்தேன். நிற்காமல் ஓடியது. பட்டியல் மட்டும் காலியாக இருந்தது.

"தோத்தா தோத்துட்டேன்னு சொல்லிட்டுப் போ. அழிக்கிறது நல்லால்லடா" என்றாய். நான் சத்தியம் செய்தும் நீ நம்பவில்லை. டிக்கை எடுத்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. சில வாரம் கழித்து ஒரு பை பூண்டோடு வந்து, "விடுறா, வெளாட்டுதான" என்றாய். ஆனால் இந்தக் கீபோர்டை நீ மறுபடி தொடவேயில்லை. அடுத்த வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டாய். பொறாமைக்காரன் என்று என்னை நினைத்தபடியே போனாயே என்பதுதான் இத்தனை வருடமும் எனக்கு உறுத்தல்.

இன்று அந்த விளையாட்டைத் திறந்தால் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்டது. மறந்து போயிருந்தது. டிக்கை எடுத்துவிட்டுச் சும்மா திறந்தேன். முதல் வரியில் கவுஞ்சி.

தெரிந்தவரிடம் விசாரித்தேன். அனுமதி இல்லாமல் ஓடும்போது பதிவாவதை இந்தக் கம்ப்யூட்டர் தனியாக வேறோர் இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுமாம். அனுமதியோடு திறந்தால் அந்த இடத்தைப் பார்க்காதாம். நான் பெரிய சாவியைப் போட்டு வேறு அறையைத் திறந்திருக்கிறேன். உன் அறை இத்தனை வருடமும் அப்படியே இருந்திருக்கிறது. நீ எடுத்த நேரம், ஒரு நொடி கூடக் குறையாமல். ஆச்சரியம் தாங்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அழிக்கவில்லையடா.

பிறகு ஓர் ஆட்டம் ஓட்டினேன். கடைசி வளைவுவரை உன் நேரத்துக்கு முன்னால்தான் இருந்தேன். எதிரே ஒரு வண்டி ஏறி வந்தது. ஓரங்கட்டி நின்றேன்.