பூனை மெத்தையும் சித்தப்பாவின் சர்வரும்

என் அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், தையல் மெஷினும் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஃபோனில் கேட்டால் "ம்" என்கிறாய், அதற்கு மேல் விசாரித்தால் "மீட்டிங் இருக்கும்மா" என்கிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதால் நடந்ததை ஆற அமரச் சொல்கிறேன்.

நம் பூனை மெத்தை வியாபாரம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். போன மாதம் யாரோ ஒரு பெண், நம்மிடம் வாங்கிய மெத்தையில் தன் பூனை மல்லாந்து குறட்டை விடுவதை வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறாள். அது எங்கெங்கோ பரவி, எல்லோரும் ஒரே நேரத்தில் நம் வெப்சைட்டுக்குள் நுழைய, அது படுத்துவிட்டது. பூனையாவது கூப்பிட்டால் ஒரு கண்ணைத் திறக்கும், இது அதுவும் இல்லை. "கடைய மூடிட்டீங்களா?" என்று ஃபோன் செய்து துக்கம் விசாரித்தவர்களே ஏராளம். வியாபாரம் பெருகியதால் கடை விழுந்த கதை நம் வீட்டில்தான் நடக்கும்.

நீ எப்போதோ சொன்னாய், ஒரே சர்வரில் ஊர்ப்பட்ட கடைகளோடு ஒண்டுக் குடித்தனம் இருக்கிறோம், வசதியான இடமாகப் பார்த்து மாறுங்கள் என்று. அப்பா அதை வானிலை அறிக்கை மாதிரி கேட்டுக்கொண்டார். அவர் தயங்கியது சர்வருக்காக இல்லை, சித்தப்பாவுக்காக. வெப்சைட்டை ஆரம்பித்துக் கொடுத்தவர் அவர், எல்லாம் அவர் கணக்கில் இருக்கிறது, கடையின் பெயர்கூட அவர் பெயரில்தான் பதிவு. மாற்றுகிறோம் என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாரோ என்று பயம். தம்பி மனம் கோணக் கூடாது, கடை கோணினால் பரவாயில்லை. கடை விழுந்த பிறகு அப்பாவே, வெப்சைட்டுக்கு இடம் வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் கம்பெனிகளுக்கு ஃபோன் போட ஆரம்பித்தார். ஒருவன் "எல்லாமே அன்லிமிடெட் சார்" என்றானாம். அதற்கு மேல் கூட்டம் வந்தால் என்று கேட்டதற்கு, "அதுக்குத் தனி பிளான் சார்" என்றானாம். எல்லையே இல்லாததற்கு மேலும் ஒரு மாடி உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் அப்பாவுக்கு அவன் குரல் பிடித்துவிட்டது. "ரொம்ப மரியாதையான பையன்" என்று அங்கேயே சேரலாம் என்றார்.

எங்கே சேர்ந்தாலும் பழைய பாஸ்வேர்ட் வேண்டுமே. சித்தப்பா ஃபோனை எடுக்கவே இல்லை. நானே நேரில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "சிஸ்டம் சரியில்ல அண்ணி, நாளைக்குப் பாக்கலாம்" என்று நெளிந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறி, "குடுக்க மனசில்லன்னா சொல்லிடுங்க, வேற பேர்ல கடை போட்டுக்கறேன்" என்று எழுந்துவிட்டேன். அப்போதுதான் மனிதர் உடைந்தார். "குடுக்க மாட்டேன்னு இல்ல அண்ணி, எனக்கே தெரியாது" என்றார். ஆபீஸ் மெயிலைக் கொடுத்துப் பதிவு செய்தாராம், வேலை போனபோது அந்த மெயிலும் போய்விட்டதாம். ஆமாம், உன் சித்தப்பாவுக்கு வேலை போய்ப் பல மாதங்கள் ஆகின்றன. அண்ணனுக்குத் தெரியக் கூடாது என்று தினமும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். சண்டை போடப் போனவள் எழுந்த நாற்காலியிலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். உன் சித்திதான் மெதுவாகச் சொன்னாள், பதிவு செய்தபோது கொடுத்த ஃபோன் நம்பர் தன்னுடையது என்று. "அப்பப்போ ஏதோ மெசேஜ் வரும்க்கா, ஏமாத்துறவங்கன்னு அழிச்சிடுவேன்" என்றாள். கடையின் சாவி இத்தனை நாளும் அவள் கைப்பையில் இருந்திருக்கிறது. புதுப் பாஸ்வேர்ட் கேட்டதும் அவள் ஃபோனுக்கு ரகசிய எண் வந்தது, பூட்டு திறந்தது.

பிறகு நானும் சித்தப்பாவும் உட்கார்ந்து எல்லாக் கம்பெனிகளிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டோம். கூட்டம் வந்தால் தாங்குமா, தாங்காவிட்டால் ஃபோனை எடுப்பது மனிதரா மெஷினா, கடைக்குத் தினமும் நகல் எடுத்து வைப்பீர்களா, நாளைக்கே காலி செய்கிறோம் என்றால் சாமான்களை மறிக்காமல் கொடுப்பீர்களா. கடைசிக் கேள்வியில் மரியாதையான பையன் லைனைத் துண்டித்துவிட்டான். இன்னொரு இடத்தில் கரகரத்த குரலில் ஒரு பெண், "இவ்ளோ பெரிய பிளான் உங்களுக்கு வேண்டாம்மா, சின்னதுல ஆரம்பிங்க, கூட்டம் வரப்போ கூட்டிக்கலாம்" என்றாள். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த இடம் என்று அங்கேயே சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை நம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துச் சித்தப்பா கடையை மாற்றினார். அப்பா பக்கத்தில் நின்று, லாரியில் பீரோ ஏற்றுவது போல "மெதுவா, மெதுவா" என்று அதட்டிக்கொண்டிருந்தார். பாதி மாறியிருக்கும்போது சித்தப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் வேலை போன விஷயத்தைச் சொன்னார். அப்பா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு "சாப்டியாடா?" என்றார். அதற்கும் பிறகு, "நாளைலேருந்து ஷூ போட்டுக்கிட்டு இங்க வா" என்றார். இப்போது வெப்சைட்டும் பார்சலும் சித்தப்பா பொறுப்பு, சம்பளத்தோடு. அந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கிறார். நாங்கள் மறுக்கவில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு, எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே. கணக்கு இப்போது என் பெயரில், எனக்கு ஏதாவது என்றால் பார்த்துக்கொள்ள இரண்டாவது ஆளாக உன்னைப் போட்டிருக்கிறேன். உன் வீட்டு விலாசம் கேட்ட இடத்தில் கை நின்றுவிட்டது. நீ வீடு மாறிய பிறகு வீடியோவில் உன் சமையலறை ஜன்னலைப் பார்த்திருக்கிறேன், கூரையைப் பார்த்திருக்கிறேன், கதவு எண் எனக்குத் தெரியாது. முகம் தெரியாதவர்களின் விலாசமெல்லாம் மெத்தைப் பார்சலில் என் கையால் ஒட்டி அனுப்பியிருக்கிறேன், இந்தக் கடிதம் மட்டும் உன் ஆபீஸுக்கு வருகிறது. உடனே எழுது, அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

ஆசிகளோடு,
அம்மா