கைவேலை அடாப்டரும் கடைக் கூடையும்

மே 3

லொரீன் இன்று தன் அப்பாவின் ஸ்டீயரிங் சக்கரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். மண் தடத்தில் அவர் பந்தயம் ஓட்டிய காலத்துச் சக்கரம். மூன்று கம்பி, நடுவில் மூன்று போல்ட் ஓட்டை, பிடியில் அவர் கை தேய்ந்த இடம்.

"இதை உன் வண்டியில மாட்டு. ஜூலை நாலு சுதந்திர தின ஊர்வலத்துல உன் பக்கத்துல உட்கார்றேன்" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் இவ்வளவு பெரிய வார்த்தை அவள் சொன்னதில்லை. இந்தப் பழைய மெர்க்குரி காரைப் பதினொரு வருடமாகக் கட்டுகிறேன். கூரையை அறுத்து நாலு அங்குலம் இறக்கினேன். எஞ்சின் ஒரு வண்டியிலிருந்து, ஸ்டீயரிங் தண்டு வேறொரு வேனிலிருந்து. முதல் வருடம் நானே செய்த சீட்டில் லொரீன் ஒருமுறை உட்கார்ந்தாள். சீட் பின்னால் சாய்ந்து அவள் கால் இரண்டும் கூரையைத் தொட்டன. அதோடு சரி. அதற்குப் பிறகு வெளியே நின்று "நல்லா இருக்கு" என்பாள், தன் காரில் ஏறிப் போய்விடுவாள்.

மே 4

வேன் தண்டின் முனையில் முப்பத்தாறு பல். மாமனாரின் சக்கரத்தில் பல்லே கிடையாது. இரண்டையும் சேர்த்து வைக்க நடுவில் ஒரு தரகன் வேண்டும். அதுதான் அடாப்டர். ஒரு பக்கம் பல், மறுபக்கம் போல்ட் ஓட்டை. போன் போட்டால் ஒரு வாரத்தில் வீட்டுக்கே வந்துவிடும்.

ஆனால் நான் வாபாஷ் இரும்புக்கைச் சங்கத்து உறுப்பினன்; தன் வண்டியைத் தன் கையாலேயே கட்டுபவர்களின் சங்கம். சனிக்கிழமை காலை உணவுக்குக் கூடுவோம், பதினாலு பேர். கடையில் வாங்கிய பாகத்தை எவனாவது வண்டியில் மாட்டினால், காய்கறிக் கடைச் சிவப்புப் பிளாஸ்டிக் கூடை ஒன்றை அவன் பின் பம்பரில் தொங்கவிடுவோம். அடுத்த பாவி சிக்கும்வரை அது அங்கேதான் ஆடும். கெர்மிட் கதவுக் கைப்பிடி வாங்கி மாட்டிக்கொண்டான். இரண்டு வருடமாகக் கூடையோடுதான் அலைகிறான். பாவம், தேவாலயத்துக்கும் அதோடுதான் போகிறான்.

எனக்கு அந்த கதி வேண்டாம். நானே செய்வேன்.

மே 10

வேனின் பழைய ஸ்டீயரிங் சக்கரத்தின் நடுப்பகுதியை அறுத்தெடுத்து ஓர் இரும்புத் தட்டில் வைத்து வெல்டிங் அடித்தேன். சூட்டில் தட்டு கோணிக்கொண்டது. மாட்டிச் சுற்றினால் சக்கரம் குடித்தவன் தலை மாதிரி ஆடுகிறது.

முதல் அடாப்டர் குப்பைத் தொட்டியில்.

மே 17

இரண்டாவது ஆடவில்லை! அப்படி ஓர் அழகு. அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தேன். பிறகுதான் தெரிந்தது, தண்டோடு அதை இறுக்கும் நட்டை முடுக்க பாக்ஸ் ஸ்பானர் உள்ளே போக வழியே வைக்கவில்லை. நட்டை எந்தப் பக்கமிருந்து முடுக்குவதாக நினைத்தேன்? எஞ்சின் வழியாகவா? இருபத்தெட்டு வருடம் பள்ளிப் பேருந்து மெக்கானிக்காக இருந்தவன் நான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மே 24

மூன்றாவது. ஆடவில்லை, நட்டும் இறுகியது. வண்டியை எடுத்து வீட்டைச் சுற்றி ஓட்டினேன். இடப்பக்கம் திருப்பினால் ஹாரன் அலறியது. நேராக வந்தால் நின்றது. கம்பி எங்கேயோ நசுங்குகிறது, போகட்டும் என்று இன்னொரு சுற்று வந்தேன். தோட்டத்துப் பக்கம் திருப்பும்போது கையில் திடீரென்று பாரம் குறைந்தது. வெல்டிங் விட்டுவிட்டது. சக்கரம் என் மடியில். வண்டி தன் இஷ்டத்துக்கு லொரீனின் தக்காளிப் பாத்திக்குள் போய், எட்டுச் செடிகளை மிதித்துவிட்டு நின்றது.

லொரீன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கதவைத் திறந்து என் மடியிலிருந்த சக்கரத்தை எடுத்துக்கொண்டாள்.

"எங்க அப்பா இதைப் பிடிச்சுக்கிட்டு நூறு பந்தயம் ஓட்டினார், வெர்லின். ஒருநாளும் இது அவர் மடியில விழுந்ததில்ல."

"அடுத்ததுல கனமா அடிக்கிறேன்."

"அடுத்தது கிடையாது. ஒழுங்கான கடைச் சாமான் போட்டா ஏறுறேன். நீ செஞ்சது இருந்தா, செத்தாலும் ஏற மாட்டேன். ஏறினா செத்துத்தான் போவேன்."

சக்கரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். அது எனக்கு எந்தத் திட்டையும்விட அதிகமாக வலித்தது.

மே 25

போன் போட்டேன். ஆர்டர் கொடுத்துவிட்டேன். லொரீனிடம் சொன்னேன். கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள், இரண்டு வாரத்துக்கு. சக்கரம் அலமாரியில் இருக்கிறதாம், எடுத்து மாட்டிக்கொள்ளலாமாம்.

ஜூன் 2

தபால்காரி டெல்ஃபின் பெட்டியை வாசலில் நீட்டினாள். "கார் சாமான் போல இருக்கே" என்றாள். "மருந்து" என்றேன். "நல்ல கனமான வியாதி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடாப்டர் கறுப்பாக, கண்ணாடி போல, ஓரத்தில் கம்பெனிப் பெயர் பொறித்து. பதினொரு நிமிடத்தில் பொருந்திவிட்டது. பதினொரு நிமிடம்! நான் மூன்று வாரம் செத்தேன். இப்படி ஒரு நல்ல சாமானை வாழ்நாளில் வெறுத்ததில்லை.

ஹாரன் கம்பி மட்டும் என் வேலை. இடப்பக்கம் திருப்பினால் இன்னும் அலறுகிறது.

ஜூன் 4

இரண்டு நாளாக அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயரை அரத்தால் தேய்த்து எடுத்தேன். கறுப்பு மெருகைச் சுரண்டினேன். மேலே சுத்தியலால் லேசாக நாலு போட்டேன். வெளி விளிம்பில், எதையும் தாங்காத இடத்தில், பார்ப்பவர் முகம் சுளிக்கும்படி வெல்டிங் புள்ளி வரிசையாக வைத்தேன். இப்போது அச்சு அசல் என் கைவேலை போலவே கேவலமாக இருக்கிறது. பெட்டியையும் ரசீதையும் தகர டின்னில் போட்டு எரித்தேன்.

சங்கத்துக்கு: நான் செய்தது. லொரீனுக்கு: கடையில் வாங்கியது. இருவரும் சந்திக்காதவரை எனக்கென்ன கவலை?

ஜூன் 14

சாப்பாட்டுக் கடை வாசலில் பரிசோதனை. சங்கத் தலைவர் ராண்டல் குனிந்து ஸ்டீயரிங்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். வெல்டிங்கை விரலால் தடவினார்.

"பாருங்கப்பா, இதுதான் மனுஷன் செஞ்சது. இந்த அசிங்கம் எந்தக் கடையில கிடைக்கும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். கெர்மிட் மட்டும் தன் கூடையை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை பார்த்தான். அவன் எனக்காக இரண்டு வருடமாகக் காத்திருக்கிறான் என்று தோன்றியது.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுய்யா" என்றார் ராண்டல். பின்னாலேயே இன்னும் ஐந்து பேர். சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

ஜூன் 23

ஆறு பெட்டி. டெல்ஃபின் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"உன் வியாதி ஊருக்கெல்லாம் தொத்திடுச்சா?"

"ஆமா."

"ராண்டல் வீட்டுக்கும் இப்படித்தான், வருஷக் கணக்கா. அந்தாளு 'பைபிள்'னு சொல்றார். நீயாவது மருந்துன்னு சொன்னே."

அவள் போன பிறகு ஆறு பெட்டியையும் உள்ளே இழுத்துப் போட்டேன். ராண்டலா? கையால் கார்புரேட்டர் வார்த்த ராண்டலா?

ஜூலை 4

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

ஊர்வலம் கிளம்பும் இடத்துக்கு லொரீன் நீலப் பூப்போட்ட உடுப்பில் வந்தாள். கதவைத் திறந்தேன். ஒரு கால் உள்ளே வைத்துவிட்டாள். மேடையில் ஒலிபெருக்கியோடு ராண்டல். "அடுத்து நம்ம வெர்லின்! ஸ்டீயரிங் அடாப்டர் முழுக்க அவர் கையாலயே செஞ்சது!"

லொரீன் நின்றாள். குனிந்து சக்கரத்தின் அடியில் பார்த்தாள். என் அருமையான வெல்டிங் அவளைப் பார்த்து இளித்தது.

"இது கடைச் சாமானா?"

"சத்தியமா கடைச் சாமான், லொரீன்."

"கடையில இப்படியா விப்பாங்க? நாய் கடிச்சுத் துப்பினது மாதிரி இருக்கு. பேர் எங்க?"

"தேய்ச்சுட்டேன்."

"பெட்டி எங்க?"

"எரிச்சுட்டேன்."

"என் உயிரைவிட உனக்கு அந்தக் கூடை பெரிசா?" என்றாள். காலை வெளியே எடுத்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, ஊரே பார்க்கிறது. நான் உண்மையைச் சொல்கிறேன், ஆனால் நம்பவைக்கும் சாட்சி எல்லாவற்றையும் நானே இரண்டு நாள் உட்கார்ந்து அழித்திருக்கிறேன். என்னைப் போல ஒரு முட்டாள் இந்தியானா மாநிலத்திலேயே இருக்க மாட்டான்.

அப்போதுதான் கொடியோடு தபால் அலுவலகத்து வரிசை கண்ணில் பட்டது.

"டெல்ஃபின்! சொல்லும்மா! நீ எனக்கு என்ன கொடுத்தேன்னு எல்லாருக்கும் சொல்லு!"

அவள் நிதானமாக மேடை ஏறினாள். ராண்டல் கையிலிருந்த மைக்கைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். "ஜூன் ரெண்டாம் தேதி இந்தாளுக்கு அடாப்டர் கம்பெனிப் பெட்டி ஒண்ணு. போன மாசக் கடைசியில இன்னும் ஆறு. நானே தூக்கிட்டு வந்தேன், என் முதுகைக் கேளுங்க." பிறகு ராண்டலைப் பார்த்தாள். "வேற யார் யாருக்குக் குடுத்தேன்னும் சொல்லணுமா?"

ராண்டல் மைக்கை அணைத்துவிட்டார்.

கெர்மிட் தன் வண்டியிலிருந்து இறங்கினான், கூடையைக் கழற்றினான், ஓடி வந்து என் பம்பரில் மாட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நன்றிடா" என்றான்.

லொரீன் கூடையைப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 7

ராண்டல் வந்தார். கூடையைப் பற்றிப் பேசவில்லை, மைக்கைப் பற்றியும் பேசவில்லை.

"எனக்குச் சொன்ன அடாப்டர்..."

"பெட்டியிலேயே இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

"அதில்லப்பா. உன்னுது மாதிரி கொஞ்சம் அசிங்கம் பண்ணிக் குடு. எனக்கு அந்த அளவுக்கு மோசமா வெல்டிங் வராது."

முடியாது என்றேன். அரத்தை மட்டும் இரவல் கொடுத்தேன். ராண்டல் பின்வாசல் வழியாகப் போனார். மற்ற ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக அதே வழியில் வந்தார்கள். எல்லோரும் முதலில் கேட்டது அரம் இருக்கிறதா என்று.

ஜூலை 12

இன்று சங்கத்துக்குப் போகவில்லை. லொரீன் ஏரிக்குப் போகலாம் என்றாள். பின்னால் தொங்கிய கூடையில் சாண்ட்விச்சும் தண்ணீர் பாட்டிலும், மிச்சமிருந்த செடிகளில் பழுத்த நாலு தக்காளியும் வைத்தாள்.

ஏரிக்குப் போகும் வழியில் ஏழு இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். முதல் திருப்பத்தில் ஹாரன் அலறியதும் பதறிப்போனாள்.

"இதுவும் கடையில வாங்கினதா?"

"இல்ல. இந்த ஸ்டீயரிங்குல இது ஒண்ணுதான் முழுக்க நான் செஞ்சது."

ஹாரனைக் கேட்டு, வீட்டு வாசலில் நின்ற யாரோ நாங்கள்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்துக் கையசைத்தார். லொரீனும் கையசைத்தாள். பிறகு ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னாலேயே கையைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது எல்லாம் வலப்பக்கத் திருப்பம். வண்டி சத்தமே போடவில்லை. இரண்டு மைல் பொறுத்துப் பார்த்தாள்.

"இடப்பக்கமாச் சுத்திப் போ" என்றாள்.